முடிவு தெரிஞ்சாத்தான் படிப்பேன்

...இல்ல டீச்சர், நீங்களே சொல்லுங்க, ஒரு மனுஷனுக்குக் கோவம் வந்தா கோவம்னு சொல்லணுமா இல்லையா? பன்னெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, பக்கத்துக் கடையில உக்காந்துக்கிட்டு, "வணக்கம் மேடம்"ங்கறார். வணக்கமாம்! ரெண்டு வருஷமா தினம் ஒண்ணா டீ குடிச்சவளுக்கு எதுக்கு வணக்கம்? நான் என்ன கண்ணு டெஸ்ட் பண்ணிக்க வந்தவளா?... தலையக் கொஞ்சம் குனிங்க. இன்னும். ஆங், அப்படியே இருங்க. ஐயோ, பின்னாடி எவ்வளவு நரை பாருங்க! உங்களால பாக்க முடியாது, சரி, நான் பாத்துக்கறேன். போன தடவை புருவம் எடுக்க வந்தப்பவே டை அடிச்சிக்கிட்டுப் போங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அப்புறம் அப்புறம்னீங்க. இப்ப பாருங்க, ரெண்டு கிண்ணம் கலக்கணும்.

யாரா? அட, நம்ம கண்ணாடிக்காரர் டீச்சர். இந்தா, இந்தத் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம். நீங்ககூட படிக்கிற கண்ணாடி அங்கதானே மாத்தினீங்க? அந்தச் சத்தம் கேக்குதா, டொர்ர்ர்னு? போர்டக் கழட்டறாங்க. ஒரு ஆளு காலையிலருந்து ஏணி மேல நின்னு ஸ்க்ரூவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காரு. கடைய மாத்தறாராம். மார்க்கெட்டுக்கு அந்தக் கோடிக்கு! அங்கதான் கூட்டம் ஜாஸ்தியாம். இருபது வருஷமா இல்லாத ஆசை இப்ப வந்துச்சு பாருங்க. என்கிட்ட ஒரு வார்த்தை? மூச்! கடை ஓனர் வந்து, "பக்கத்து எடம் காலியாகுதும்மா, யாராவது இருந்தா சொல்லுங்க"ன்னு சொல்லித்தான் எனக்கே தெரியும். பக்கத்துல இருக்கறவ நான். ஓனர் வந்து எனக்குச் சொல்றார்.

போகட்டும். எனக்கென்ன வந்துச்சு? ஷட்டர் தூக்கத்தான் ஆள் வேணும். பாதியில சிக்கிக்கும் இது. தினம் காலையில அவர்தான் வந்து ஒரு தட்டு தட்டித் தூக்கி விடுவார். இனிமே பாதி ஷட்டர்ல குனிஞ்சு குனிஞ்சு உள்ள வர்றேன். கஸ்டமரும் குனிஞ்சே வரட்டும்.

என்ன, பையா? பை எங்கயும் போகாது, அந்த நாற்காலி மேலதான் இருக்கு. ஆடாதீங்க டீச்சர், காதுல பட்டா மூணு நாளைக்குப் போகாது. கிளாஸ்ல பசங்க பாடத்தக் கவனிக்காம உங்க காதத்தான் பாக்கும்.

எல்லாம் இந்தப் புத்தகத்தால வந்த வினை. அந்த அலமாரியக் கொளுத்திப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி... கொளுத்த மாட்டேன், பேச்சுக்குச் சொல்றேன். நூத்தி நாப்பது புத்தகம் இருக்கு அதுல. கஸ்டமர் காத்திருக்கிறப்போ படிக்கட்டும்னு நாலஞ்சு வச்சேன், வளந்துக்கிட்டே போச்சு. எல்லாம் காதல் கதை. சிரிப்பா, லேசா, எடுத்தா கீழ வைக்க முடியாத மாதிரி. சில பேர் வந்து பாத்துட்டு மூக்கச் சுளிப்பாங்க. "இந்த வயசுல இதெல்லாமா படிக்கறீங்க?" இந்த வயசுலதாங்க வேணும்! இருபது வயசுல எதுக்குக் கதை? கண்ணாடியப் பாத்தாலே கதைதான். அம்பது வயசுல, நாள் பூரா நின்னு காலு வீங்கி, அடுத்தவங்க தலையிலயே கண்ண வச்சுக்கிட்டு இருக்கறவளுக்கு, சாயங்காலம் யாராவது வந்து, "நீ சாப்பிட்டியா"ன்னு கேக்கணும். நெசத்துல யாரும் கேக்கல. கதையில கேக்கறான். அதுவும் நூறாம் பக்கத்துக்குள்ள கேட்டுடறான்.

நீங்க ஒண்ணு குடுத்தீங்களே போன வருஷம், பரிசு வாங்கின புத்தகம்னு? தப்பா நெனச்சுக்காதீங்க. முதல் பக்கத்துல மழை. சரி, நிக்கும்னு பாத்தேன். நிக்கல. நாப்பதாம் பக்கத்துல அப்பா போயிட்டார், எழுபதுல நாய் போயிடுச்சு, மிச்சமிருந்த ஒருத்தன் ரயிலேறிட்டான். நல்லா எழுதியிருக்கார், இல்லன்னு சொல்லல. ஆனா அழறதுக்கு எனக்குப் புத்தகம் எதுக்கு டீச்சர்? கைவசம் நெறைய இருக்கு.

எங்க கதையில அப்படி இல்ல. ஒரு பேக்கரிக்காரி இருப்பா. கடைக்கு எதிர்ல ரோடு வெட்ட ஒரு இன்ஜினியர் வருவான். தூசியெல்லாம் இவ கேக்கு மேல. சண்டை. அவன் கேக்கு வாங்கித் தின்னு பாத்துட்டு, மறுநாள்லருந்து ரோட்ட வேணும்னே மெதுவா வெட்டுவான். இதுல என்ன இருக்குங்கறீங்களா? ஒண்ணுமே இல்ல! அதான் விஷயம். யாரும் சாக மாட்டாங்க. யாரும் யாரையும் ஏமாத்திட்டுப் போக மாட்டாங்க, போனாலும் இருபது பக்கத்துல திரும்பி வந்து மன்னிப்புக் கேப்பாங்க. என் வாழ்க்கையில மன்னிப்புன்னு ஒரு வார்த்தைய நான் கேட்டதே புத்தகத்துலதான். அவ டீக்கு சக்கரை போட மாட்டாங்கறத அவன் கவனிச்சு வச்சிருப்பான் பாருங்க, அந்த எடத்துல நான் அவுட்டு. அம்பது வயசுப் பொம்பளை, கையில சீப்போட, கண்ணத் தொடைச்சுக்கிட்டு நிப்பேன்.

சரி, கண்ணாடிக்காரர் கதைக்கு வர்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம் கரண்ட் போயிடுச்சு. ரெண்டு கடையிலயும் ஈ காக்கா இல்ல. இவர் வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, "பேப்பர் இருக்குங்களா மேடம்"னார். அதுக்கு முன்னாடி பதினெட்டு வருஷமா அவர் என்கிட்டப் பேசினத மொத்தமா எழுதினா ஒரு தபால் கார்டுல அடங்கும். பேப்பர் இல்ல, இந்தாங்கன்னு அந்தப் பேக்கரிக்காரிய எடுத்துக் குடுத்தேன். அட்டையப் பாத்தார். "இது லேடீஸ் படிக்கறது இல்லையா?"ன்னார். "ஆமா, ஆம்பளைங்க தொட்டா ஷாக் அடிக்கும்"னேன். சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போனார். மறுநாள் காலையில ஷட்டரக்கூட இன்னும் முழுசாத் தூக்கல, வந்து நிக்கறார். கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. "ஏன் மேடம், அந்தப் பொண்ணு ஏன் அவன்கிட்ட உண்மையச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் வேலைய விட்டே போயிருக்க மாட்டானே!" அழாத கொறையாக் கேக்கறார் டீச்சர்! மூணு தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வச்சுட்டு, தனக்குன்னு ஒண்ணு இருக்குங்கறதையே மறந்துபோன மனுஷன். பேக்கரிக்காரிக்காக விடிய விடிய முழிச்சிருக்கார்.

அன்னிக்கு ஆரம்பிச்சது. ஒரு மாசம் நான் புத்தகம் வாங்குவேன், ஒரு மாசம் அவர். ஒரு காப்பிதான். அவருக்குக் காலையில ஆள் வராது, எல்லாம் ஆபீஸ் விட்டுத்தான் கண்ணு டெஸ்ட்டுக்கு வருவாங்க. எனக்கு மத்தியானம் ஆள் வராது. அதனால காலையில அவர் ஒரு அத்தியாயம், மத்தியானம் அதே அத்தியாயம் நான். ஒருத்தர விட்டுட்டு இன்னொருத்தர் அடுத்த அத்தியாயத்துக்குத் தாண்டிப் போகக் கூடாது. நாலு மணிக்கு டீ, அந்த அத்தியாயத்தப் பத்திப் பஞ்சாயத்து. இந்தப் பலகை இருக்கு பாருங்க, வெறும் ப்ளைவுட். அவர் அந்தப் பக்கம் சிரிச்சா எனக்கு இங்க கேக்கும். நான் ஒருத்திக்கு முடி வெட்டிக்கிட்டே, "ஓ, சாருக்கு ஏதோ நல்ல எடம் மாட்டியிருக்கு, மத்தியானம் பாத்துக்கலாம்"னு நெனச்சுப்பேன். நான் சிரிச்சா அவர் பலகைய ரெண்டு தட்டு தட்டுவார். எந்த எடம்னு அவருக்கும் தெரியும். என் பொண்ணு போன்ல கேட்டா, "என்னம்மா, நான் கூப்பிட்டா முக்கால்வாசி கண்ணாடிக்காரர் பேச்சாவே இருக்கு?" சீ போடின்னு வச்சுட்டேன்.

பை எடுக்கணுமா? போனா? அடிக்கலையே. அடிச்சா நான் எடுத்துக் குடுக்கறேன். கை ரெண்டையும் துண்டுக்குள்ள வச்சுக்குங்க. நல்ல புடவை வேற.

எங்க விட்டேன்... ஆங். கடைசியா படிச்சது லிஃப்ட் மெக்கானிக்கும் பல் டாக்டரும். நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்களே, அதேதான். அந்தப் பல் டாக்டரம்மா லிஃப்ட்ல மாட்டிக்குவா, இவன் வந்து திறப்பான். ஒரு தடவை சரி. மூணு தடவை! நான் சொன்னேன், "சார், ஒரே லிஃப்ட் மூணு தடவை நின்னா முதல்ல மெக்கானிக்க மாத்தணும்." அவருக்குக் கோவம் வந்துடுச்சு. "மூணாவது தடவை லிஃப்ட்டு நிக்கல மேடம், அவன் நிறுத்தினான். பேசறதுக்கு அவனுக்கு வேற எடம் கெடைக்கல." அப்படியே நாலு நாள் வாதம் பண்ணினோம். பேசத் தெரியாத ஆம்பளைக்கு வக்காலத்து வாங்கறதுன்னா மனுஷனுக்கு உயிரு.

இப்ப நான் ஒண்ணு சொல்றேன், உங்களோட இருக்கணும். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மானம் போயிடும்.

நான் கடைசி அத்தியாயத்த முதல்லயே படிச்சிடுவேன்.

சிரிக்காதீங்க டீச்சர்! எல்லாப் புத்தகமும் அப்படித்தான். கையில வந்த அன்னிக்கே, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், கடைசி அத்தியாயத்தப் படிச்சு, ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்களான்னு பாத்துட்டுத்தான் முதல் பக்கத்தத் திருப்புவேன். சேர்ந்துட்டாங்கன்னு தெரிஞ்சா போதும், அப்புறம் நடுவுல எவ்வளவு சண்டை போட்டாலும் எனக்குக் கவலையில்ல, ஜாலியாப் படிப்பேன். இவங்க சேருவாங்கன்னு அட்டையப் பாத்தாலே தெரியுமே, அப்புறம் எதுக்குன்னு கேப்பீங்க. தெரியும். இருந்தாலும் எழுத்துல பாத்துடணும் எனக்கு.

எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்தப்போ, டாக்டர் வந்து, "திங்கக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்மா"ன்னார். நான் அவர் சட்டையெல்லாம் தேச்சு வச்சேன். மெத்தைக்கு உறை மாத்தினேன். சனிக்கிழமை போயிட்டார். பத்து வருஷமாச்சு. அதுலருந்து முடிவு தெரியாத எதுலயும் நான் கால வைக்கறதில்ல டீச்சர். பயம். வேற ஒண்ணுமில்ல, சுத்தமான பயம்.

ஆனா கண்ணாடிக்காரருக்கு முடிவு தெரியக் கூடாது. கடைசிப் பக்கம் கண்ணுல பட்டுடப் போகுதுன்னு அவர் ஒரு ரப்பர் பேண்டு போட்டு வச்சிருப்பார்னா பாத்துக்குங்க! அவர் புத்தகம் வாங்கற மாசம்கூட, முதல்ல என்கிட்டக் குடுத்து, "நீங்க அட்டை போடுங்க மேடம்"பார். அன்னிக்கு ராத்திரியே நான் முடிவப் பாத்துடுவேன். அவருக்கு அது தெரியாது. ரெண்டு வருஷமா, கடைசி அத்தியாயம் வர்ற அன்னிக்கு நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? அவர் காலையில படிச்சிட்டுக் குடுப்பார். நான் மத்தியானம் அத மேசை மேல வச்சுட்டு, கத்தி கத்திரியெல்லாம் கழுவுவேன், துண்டு மடிப்பேன். நாலு மணிக்கு, "ஐயோ, என்ன முடிவு சார்!"னு கண்ண உருட்டுவேன். நடிப்பு! அவர் முகம் அப்படி மலரும். பாவமா இருக்கும், சொல்லிடலாம்னு தோணும், சொல்ல மாட்டேன்.

அன்னிக்கும் அதேதான் பண்ணினேன். செவ்வாக்கிழமை. காலையில அவர் குடுத்துட்டுப் போறப்பவே ஒரு மாதிரி இருந்தார். சட்டை புதுசு. "கடைசி அத்தியாயம் மேடம், நிதானமாப் படிங்க"ன்னார். ரெண்டு தடவை சொன்னார். சரி சரின்னேன். மேசை மேல வச்சேன், துண்டு மடிச்சேன். மூணு மணிக்கு நீங்க புருவம் எடுக்க வந்தீங்க, படிக்க ஏதாவது குடுங்கன்னீங்க, இப்பத்தான் முடிஞ்சுது, சூடா இருக்கு, எடுத்துட்டுப் போங்கன்னு அதையே தூக்கிக் குடுத்தேன். நாலு மணிக்கு அவர் டீ வாங்கிட்டு வந்தார். உக்காரக்கூட இல்ல. "முடிச்சிட்டீங்களா?"ன்னார். "முடிச்சிட்டேனே! பிரமாதம்!" "கடைசி அத்தியாயம் முழுசா?" "வரி விடாம சார்." அப்புறம், "ஏதாவது சொல்லணுமா மேடம்?"னார். எனக்கு என்ன தெரியும்? லிஃப்ட்டப் பத்திக் கேக்கறார் போலன்னு, "சொல்றதுக்கு என்ன இருக்கு, அடுத்த புத்தகம் என்ன சார்?"னேன்.

அவ்வளவுதான் டீச்சர். நான் கேட்டது அது ஒண்ணுதான். கிளாஸ கீழ வச்சார், ஒரு வாய்கூடக் குடிக்கல. "சரிங்க மேடம்"னார். போயிட்டார். மறுநாள் "வணக்கம்" ஆரம்பிச்சுடுச்சு. பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்ல. நான் வேணும்னே ஒரு பழைய புத்தகத்த எடுத்து வச்சுக்கிட்டுச் சத்தம் போட்டுச் சிரிச்சேன். தட்டல. தனியா உக்காந்து பைத்தியம் மாதிரி சிரிச்சதுதான் மிச்சம். ஒரு புத்தகம் என்னன்னு கேட்டது குத்தமா? கொலைக் குத்தமா? நாலு நாள் யோசிச்சேன், லிஃப்ட் மெக்கானிக்கக் கிண்டல் பண்ணினது மனசுல பட்டுடுச்சோன்னு. அதுக்குப் போய் கடையவே மாத்துவாங்களா?

எனக்கென்ன வந்துச்சுன்னு சொன்னேன்ல. பொய். நாலு மணியானா எனக்கு வேலையே ஓடல டீச்சர். டீ வாங்கி வச்சுக்கிட்டுப் பலகையவே பாத்துக்கிட்டு இருக்கேன். பத்து வருஷமா தனியா இருந்தவ, பழகிப் போச்சுன்னு நெனச்சவ... அவர் இல்லாத இந்தப் பன்னெண்டு நாள்தான் தனியா இருக்கற மாதிரி இருக்கு. இதப் போய் யார்கிட்டச் சொல்ல? சொல்லவும் வெக்கமா இருக்கு.

என்ன டீச்சர், என்ன, எதுக்கு எந்திரிக்கறீங்க! டை ஒழுகுது! பையா? அப்படி என்னதான் இருக்கு அந்தப் பையில, சரி இருங்க, நானே எடுத்துத் தர்றேன். வந்ததுலருந்து பை பைன்னு... இந்தாங்க. ஓ, புத்தகமா? லிஃப்ட்டு. படிச்சிட்டீங்களா? அங்க வச்சுடுங்க, அலமாரியில போட்டுக்கறேன். இல்லையா? உள்ளயா? உள்ள என்ன?

சீட்டா. இது கண்ணாடிக் கடைச் சீட்டுல்ல? யாரோட பவரோ எழுதி மறந்து... கடைசி அத்தியாயத்துல இருந்துச்சா? மேல "மேடம்"னு போட்டு, மடிச்சிருக்கறதால நீங்க படிக்கலையா? வந்ததுலருந்து இதக் குடுக்கத்தான் பாத்தீங்களா? வாயத் தொறந்து சொல்லக் கூடாதா டீச்சர்?... நான் விடலையா. ஆமா. நான் எங்க விட்டேன்.

இருங்க, கையுறையக் கழட்டிக்கறேன்.

வலது கண், இடது கண், எல்லாக் கட்டமும் காலியா இருக்கு. அடியில எழுதியிருக்கார். அவர் எழுத்துதான். "மேடம், புத்தகம் முடிந்த சந்தோஷத்தில் இருக்கும்போது நீங்கள் இதைப் பார்க்க வேண்டும் என்று கடைசி அத்தியாயத்தில் வைக்கிறேன். நேரில் சொல்ல எனக்கு வராது." ...டீச்சர். "ஒரு புத்தகத்தை இரண்டு கடையில், பலகைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து படிக்கிறோம். இனிமேல் ஒரே வீட்டில் உட்கார்ந்து படிக்கலாமா?"

அம்மாடி.

இருங்க, இன்னும் இருக்கு. "உங்களுக்கு விருப்பம் இல்லை என்றால் சங்கடப்பட வேண்டாம். பதில் சொல்லவே வேண்டாம். எப்போதும் போல, அடுத்த புத்தகம் என்ன என்று கேளுங்கள். நான் புரிந்துகொள்வேன். அதற்குப் பிறகு இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அடுத்த புத்தகம் என்னன்னு கேட்டேனே டீச்சர்!

காலாட்டிக்கிட்டு உக்காந்து கேட்டேனே! பிரமாதம்னேனே! வரி விடாமப் படிச்சேன்னேனே! சொல்றதுக்கு என்ன இருக்குன்னு வேற... ஐயோ, அந்த மனுஷன் என்ன நெனச்சிருப்பார்? புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்த மனுஷனுக்கு இப்படி ஒரு அடியா? நான் இங்க பன்னெண்டு நாளா அவரத் திட்டித் தீத்துக்கிட்டு இருக்கேன். ரோசம் புடிச்சவருங்கறேன், வணக்கத்தக் கிண்டல் பண்றேன். அவர் சொன்ன சொல்லக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கார். ஒரு வார்த்தை பேசல. எல்லாம் என் கை பண்ணின வேலை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கடைசி அத்தியாயத்த அது வர வேண்டிய நாள்ல ஒழுங்காத் திருப்பியிருந்தா...

இப்ப என்ன பண்றது? போகட்டுமா? போய் என்னன்னு சொல்றது? "ரெண்டு வருஷமா உங்ககிட்ட நடிச்சேன் சார்"னா? மூஞ்சியில எப்படி முழிப்பேன்? இப்ப வேணாம், ஏணிக்காரர் இருக்கார், ரோடு பூரா வேடிக்கை பாக்கும். நாளைக்குப் போறேன். புதுக் கடைக்குப் போய், கண்ணு டெஸ்ட் பண்ற மாதிரி உக்காந்து மெதுவா... இல்ல, பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு... அவ என்ன சொல்லுவா, "எனக்கு எப்பவோ தெரியும்"பா, கழுதை. ஒருவேளை அவர் மனசு மாறியிருந்தா? பன்னெண்டு நாள் ஆச்சே! எதுக்கும் மூஞ்சியக் கழுவிக்கறேன். தண்ணி வேற நூல் மாதிரி வருது. முதல்ல உங்க தலைய அலசி விட்டுடறேன் டீச்சர், இன்னும் பத்து நிமிஷம்தான், அப்புறம் நிதானமா யோசிக்கலாம், என்ன சொல்றீங்க? ஒரு சீட்டு எழுதி நாமளும் ஒரு புத்தகத்துல வச்சுக் குடுத்தா என்ன? ஆனா அவர் கடைசி அத்தியாயத்துக்கு வர இருபது நாளாகுமே... டீச்சர்? கேக்குதா டீச்சர்?

டீச்சர்?

எங்க போனாங்க? துண்டையும் காணோம்... ஐயய்யோ! தலை பூரா டையோட ரோட்டுல நிக்கறாங்களே! டீச்சர், உள்ள வாங்க! கண்ணாடிக்காரர்கிட்ட என்ன சொல்றீங்க? கைய இந்தப் பக்கம் காட்டாதீங்க! புத்தகத்த எதுக்குக் காட்டறீங்க! கடவுளே, அவர் திரும்பிப் பாக்கறார். ஏணிக்காரரும் பாக்கறார். வர்றார். வர்றாரே! ஊருக்கெல்லாம் தல சீவி விடறவ, என் தல கெடக்கற கெடையப் பாரு, சீப்பு எங்க, சீப்பு...

வாங்க சார்.

இல்ல, உக்காராதீங்க, அதுல டை இருக்கு. நில்லுங்க. நான் சொல்றத முதல்ல கேளுங்க. இந்தச் சீட்ட நான் இப்பத்தான் பாத்தேன். சத்தியமா இப்பத்தான், டீச்சர் சாட்சி. கடைசி அத்தியாயத்த நான் வாங்கின அன்னிக்கே படிச்சிடுவேன் சார், எல்லாப் புத்தகத்துலயும், ரெண்டு வருஷமா. உங்ககிட்ட மறைச்சேன். அதனால அன்னிக்கு அதத் தொறக்கவே இல்ல. தப்பு என்னுதுதான், ஒத்துக்கறேன், முழுசா என்னுது. நீங்க திட்டலாம்.

ஆனா நீங்க மட்டும் யோக்கியமா? இதப் பாருங்க. வேணாம்னா என்ன செய்யணும்னு இவ்வளவு எழுதியிருக்கீங்க. சங்கடப்படாதீங்க, பதில் சொல்லாதீங்க, இப்படிக் கேளுங்க, நான் அப்படிப் புரிஞ்சுப்பேன். வேணும்னா என்ன செய்யணும்? ஒரு வரி எழுதினீங்களா? திருப்பிப் பாத்தேன், பின்னாடியும் இல்ல. ஒருத்தி சரின்னு சொல்லுவான்னு உங்களுக்குத் தோணவே இல்லையா சார்?

...தோணலையா.

சரி. விடுங்க. அப்ப நானே சொல்லிடறேன். எனக்கு வேணும். ஒரே வீடுதான் வேணும். கடைய அந்தக் கோடிக்குக் கொண்டு போங்க, இங்கயே வச்சுக்குங்க, உங்க இஷ்டம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துடணும். கேட்டுச்சா? ஏதாவது பேசுங்க சார், நானேதான் எல்லாத்தையும் பேசணுமா... அட, என்ன இது! ஊருக்கே கண்ணு பாக்கறவரு... இந்தாங்க, துண்டு, தொடைச்சுக்குங்க. கஸ்டமர் நிக்கறாங்க.